கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சாட்சி

பாரிஸ், 1881 ஏப்ரல். கப்புசின் பெருவீதி 35ஆம் எண் கட்டடத்தில் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் ஆறாவது கண்காட்சி தொடங்கிவிட்டது. எட்கர் தெகா அனுப்பியிருந்த கண்ணாடிப் பெட்டி வந்து சேர்ந்திருந்தது. உள்ளே எதுவும் இல்லை. முந்தைய ஆண்டும் இப்படித்தான். விவரப் பட்டியலில் ஒரு சிற்பத்தின் பெயர் இருந்தது, சிற்பம் வரவில்லை. இந்த முறை பார்வையாளர்கள் சில நாட்கள் வெறும் கண்ணாடியைச் சுற்றி வந்த பிறகு, ஏப்ரல் நடுவில் அவள் வந்து நின்றாள்.

ஒரு மீட்டருக்குச் சற்றே குறைந்த உயரம். மெழுகு உடல். ஆனால் தலைமுடி நிஜமான மனித முடி, பின்னிப் போட்டு ரிப்பன் கட்டியது. மேற்சட்டை நிஜத் துணி, பாவாடை நிஜத் துணி, காலில் நிஜ நடனச் செருப்பு. முடியிலும் சட்டையிலும் செருப்பிலும் மெல்லிய மெழுகுப் பூச்சு. வலது கால் முன்னால், பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்திருக்கின்றன. முகவாய் மேலே தூக்கி, கண்கள் பாதி மூடி. சிற்பத்தின் பெயர் ‘பதினான்கு வயதுச் சின்ன நடனக்காரி’.

பாரிஸ் கொந்தளித்தது. விமர்சகர்கள் அந்த முகத்தைப் பார்த்துக் குரங்கு என்றார்கள், ஆஸ்டெக் காட்டுமிராண்டி என்றார்கள். தீமை குடியிருக்கும் முகம் என்று எழுதினார்கள். எழுத்தாளர் ஹுய்ஸ்மான்ஸ் போன்ற வெகு சிலர்தான் இதுவே நவீன சிற்பத்தின் தொடக்கம் என்று புரிந்துகொண்டார்கள். தெகா அதன்பின் தன் வாழ்நாளில் அந்தச் சிற்பத்தைப் பொதுமக்கள் முன்னால் வைக்கவே இல்லை.

அதே கண்காட்சியில் தெகாவின் வேறு இரண்டு பாஸ்டல் ஓவியங்களும் இருந்தன. அவற்றின் தலைப்பு ‘குற்றவாளியின் முகச்சாயல்’. கூண்டில் நிற்கும் இளைஞர்களின் முகங்கள். எமீல் அபாதி, பியேர் ஜீல், மிஷேல் நோப்லோக் என்ற பெயர்களை அன்றைய பாரிஸ் பத்திரிகைகள் நாள்தோறும் அச்சடித்துக்கொண்டிருந்தன. மூவரும் கொலை வழக்குகளில் சிக்கியவர்கள்.

ஒரு கூடத்தில் மூன்று கொலைக் குற்றவாளிகளும் ஒரு நடனச் சிறுமியும். இவர்களுக்குள் என்ன தொடர்பு? ஏறக்குறைய 130 ஆண்டுகளுக்குப் பிறகு, கனடா நாட்டு எழுத்தாளர் கேத்தி மேரி புக்கானன் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒரு நாவல் எழுதினார். ‘தி பெயின்ட்டட் கேர்ல்ஸ்’. 2013இல் வெளிவந்தது. வரலாற்று நாவல் படிப்பவர்களும் குற்றக் கதை படிப்பவர்களும் ஒரே மேசைக்கு வரக்கூடிய புத்தகம் அது. நான் அதை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அபாதி கொலை செய்தானா இல்லையா என்று தெரிந்துகொள்ள. இரண்டாம் முறை மரிக்காக.

தெகாவின் அந்தச் சிற்பத்துக்கு மாதிரியாக நின்ற மரி கற்பனை அல்ல. மரி வான் கூத்தெம், 1865 ஜூன் 7 அன்று பாரிஸில் பிறந்தவள். பெற்றோர் பெல்ஜியத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா தையற்காரர், அம்மா துணி வெளுப்பவள். அக்கா அந்துவானெத், தங்கை லூயீஸ் ஜோசெஃபீன். மூன்று பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மோன்மார்த்ர் சரிவின் அடியில், ஏழைகளும் ஓவியர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்களில் வீடு மாறிக்கொண்டே இருந்த குடும்பம். 1878இல் மரியும் லூயீஸும் பாரிஸ் ஒபராவின் நடனப் பள்ளியில் சேர்க்கப்பட்டார்கள்.

ஒபரா என்றதும் நம் மனதில் தங்கமுலாம் பூசிய மாடங்களும் தொங்கும் சரவிளக்கும் வரும். அந்த மாளிகை, பலே கார்னியே, 1875 ஜனவரியில் திறக்கப்பட்டது. உள்ளே பயிற்சி பெற்ற சிறுமிகளை ஊரே ‘சின்ன எலிகள்’ என்று கூப்பிட்டது. ஏழு எட்டு வயதில் உள்ளே வருவார்கள். காலையில் பயிற்சி, மதியம் ஒத்திகை, இரவு மேடை. வருகைப் பதிவேட்டில் பெயர் விட்டுப்போனால் அபராதம். தேர்வில் தேறினால் நடனக் குழுவின் கடைசி வரிசை, அங்கிருந்து ஒவ்வொரு வரிசையாக ஏற வேண்டும். எலும்பு முற்றும் முன்பே பாதத்தைத் திருப்பி வைக்கும் பயிற்சி. நம் ஊரில் அரைமண்டியில் உட்கார்ந்து தொடை நடுங்க அடவு போட்டுப் பழகிய யாருக்கும் அந்த வலியை விளக்க வேண்டியதில்லை.

வலியைவிடப் பெரிய சங்கடம் ஒன்று திரைக்குப் பின்னால் இருந்தது. ஒபராவுக்கு ஆண்டுச் சந்தா கட்டிய பெரிய மனிதர்களுக்கு மேடைப் பின்புறத்துக்கு வரும் உரிமை உண்டு. நடனக்காரிகள் உடலைத் தளர்த்திக்கொள்ளும் கூடத்துக்குள் கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாக வந்து நிற்பார்கள். தெகாவின் ஓவியங்களில் திரைச்சீலைக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கும் கறுப்பு உருவங்களைக் கவனித்திருக்கிறீர்களா? அவர்கள்தான். ஒரு ‘ஆதரவாளர்’ கிடைத்தால் குடும்பத்துக்கு வாடகை கிடைக்கும். பல தாய்மார்களே பேரம் பேசினார்கள். தெகாவின் நெருங்கிய நண்பர் லுதோவிக் ஹலேவி இதையே கதைகளாக எழுதினார்; ‘கார்தினால்’ என்ற குடும்பத்தின் இரண்டு நடனச் சகோதரிகளையும், அவர்களை வைத்துக் கணக்குப் போடும் தாயையும் பற்றிய கதைகள் அவை. பாரிஸ் அவற்றைப் படித்துச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு பழைய நினைவு எழாமல் இருக்காது. மரி பிறப்பதற்கு 27 ஆண்டுகள் முன்பு, 1838இல், கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து ஒரு சதிர்க் குழுவைப் பிரெஞ்சு வணிகர் ஒருவர் பாரிஸுக்குக் கப்பலேற்றிக் கொண்டுபோனார். கோயில் நடனப் பெண்களும் உடன் வாசித்த ஆண்களும் அடங்கிய குழு. பாரிஸ் வியந்து பார்த்தது. அரண்மனையில் மன்னர் முன்னால் ஆடினார்கள். அவர்களில் பிரெஞ்சுக்காரர்களின் காதில் ‘அமனி’ என்று விழுந்த பெண்ணுக்கு வயது ஏறக்குறைய 18. கவிஞர் தியோஃபில் கோத்தியே அவளைப் பற்றி உருகி எழுதினார். சிற்பி ஒகுஸ்த் பார் அவளை வெண்கலத்தில் வடித்தார். தெகா தன் மெழுகுச் சிறுமியைச் செய்வதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, பாரிஸில் ஒரு தமிழ் நடனக்காரி உலோகத்தில் உறைந்து நின்றுவிட்டாள்.

இரண்டு சிலைகளையும் மனதில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். அமனி தூரதேசத்து அதிசயம். அவளை ஒரு தேவதையாகப் பார்ப்பதில் பாரிஸுக்கு எந்தச் சிரமமும் இல்லை. மரி பக்கத்துத் தெருக்காரி. அவள் அம்மா வெளுத்த சட்டையைத்தான் அந்தப் பெரிய மனிதர்கள் போட்டுக்கொண்டு வந்தார்கள். அவளுடைய வறுமை அவர்களுக்குத் தெரியும், அதில் தங்கள் பங்கும் தெரியும். அதனால்தான் அந்த முகத்தைப் பார்க்க அவர்களுக்குப் பொறுக்கவில்லை என்று நான் நினைக்கிறேன்.

நாவலுக்கு வருவோம். 1878இல் கதை தொடங்குகிறது. அப்பா செத்துப்போகிறார். அம்மா சம்பாதிப்பதை அப்சிந்த் என்ற பச்சை மதுவில் கரைக்கிறாள். வீட்டுக்காரன் வாடகைக்காக வாசலில் நிற்கிறான். ஒபராவிலிருந்து துரத்தப்பட்ட மூத்தவள் அந்துவானெத் நாடக மேடைகளில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும் துணை வேடங்களுக்குப் போகிறாள். அப்படி ஒரு நாடகம்தான் எமீல் ஸோலாவின் ‘லஸோம்வார்’ நாவலின் மேடை வடிவம். 1879இல் அம்பிகு அரங்கில் சக்கைப்போடு போட்டது. சலவைத் தொழிலாளிகளின், குடிகாரர்களின் கதை. அங்கே அந்துவானெத்துக்கு அபாதி அறிமுகமாகிறான். காதல் வருகிறது.

அபாதியும் ஜீலும் அந்த நாடகத்தில் துணை வேடம் ஏற்றது நிஜம். பாரிஸை ஒட்டிய மோந்த்ரோய் பகுதியில் மதுக்கடை நடத்திய ஒரு பெண்ணைக் கொன்றதாக அவர்கள் பிடிபட்டதும், 1880இல் விசாரணை நடந்ததும் நிஜம். இருவரும் இருபது வயதைத் தொடாதவர்கள். மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு கடின உழைப்புத் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. ஆனால் அந்துவானெத் அவனைச் சந்தித்தாள் என்பதற்கு எந்த ஆவணமும் இல்லை. அது நாவலாசிரியரின் துணிச்சல். ஒரே கண்காட்சிக் கூடத்தில் தொங்கியவர்களை ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டார்.

அந்தத் துணிச்சலால்தான் நாவல் நிற்கிறது. காதலியின் கண்ணுக்கு அபாதி அப்பாவி. தங்கையின் கண்ணுக்கு அவன் அக்காவை அழிக்க வந்தவன். பத்திரிகைகளில் வரும் படங்களையும் செய்திகளையும் மரி ஒன்றுவிடாமல் படிக்கிறாள், அவன் முகத்தில் குற்றத்தைத் தேடுகிறாள். இரண்டாவதாக ஒரு கொலை வருகிறது: ஒரு மளிகைக் கடைப் பையன். அபாதி அந்த நேரத்தில் எங்கே இருந்தான் என்பதைச் சொல்லக்கூடிய ஒரே பொருள், அக்கா அடையாளம் போட்டு வைத்திருக்கும் ஒரு சாதாரண நாள்காட்டி. அது இப்போது மரியின் கையில். பதினைந்து வயதுப் பெண்ணின் கையில் ஒரு மனிதனின் தலை. அவள் அந்த நாள்காட்டியை என்ன செய்கிறாள் என்பதைப் படிக்கப்போகிறவர்களுக்காக விட்டுவிடுகிறேன்.

குற்றவாளியைத் துரத்தும் இளம் நடனக்காரி என்றால் வழக்கமாக நாம் எதிர்பார்ப்பது வேறு. இருட்டுச் சந்து, மறைந்திருந்து கேட்ட பேச்சு, கடைசி அத்தியாயத்தில் முகமூடி கழல்வது. இந்த நாவலில் மரி அப்படி ஓட மாட்டாள். அவள் துரத்துவது ஒரு முகத்தை. அபாதியின் தாடை, நெற்றி, கன்ன எலும்பு. பிறகு ஒருநாள் தண்ணீர்க் குழாயடியிலோ கடைக் கண்ணாடியிலோ தன் முகத்தைப் பார்க்கிறவளுக்குத் திகில் பிடிக்கிறது. அதே தாடை. அதே தாழ்ந்த நெற்றி. பத்திரிகைகள் குற்றவாளிக்குச் சொன்ன அடையாளம் எல்லாம் தன்னிடமும் இருக்கிறதே!

அந்தத் திகில் 1880களின் நிஜம். இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோஸோ 1876இல் குற்றவாளிகளைப் பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டார். குற்றம் பிறவியிலேயே வருகிறது, அது எலும்பில் தெரியும், மண்டை ஓட்டை அளந்தால் கண்டுபிடிக்கலாம் என்றார். ஐரோப்பா முழுக்க அந்த எண்ணம் காட்டுத்தீயாகப் பரவியது. பாரிஸ் காவல்துறையில் 1880களின் தொடக்கத்தில் அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன் கைதிகளின் தலையையும் காதையும் விரலையும் அளந்து அட்டைகளில் பதியத் தொடங்கினார். தெகா இந்தப் பேச்சையெல்லாம் கூர்ந்து கேட்டவர். நீதிமன்றத்தில் அமர்ந்துதான் அந்தக் கொலைகாரர்களின் முகங்களை வரைந்தார் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மரியை வைத்து அவர் தீட்டிய கோட்டோவியங்கள் நிறைய உண்டு. முன்னால், பின்னால், பக்கவாட்டில், ஆடையோடும் இல்லாமலும். அவற்றையும் மெழுகு முகத்தையும் ஒப்பிட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கிறார்கள்: கோட்டோவியத்தில் சாதாரணமாக இருக்கும் சிறுமியின் முகம், சிற்பத்தில் நெற்றி பின்னால் சரிந்து, தாடை முன்னால் வந்து மாறியிருக்கிறது. லொம்ப்ரோஸோ சொன்ன திசையில். தெகா அந்தக் கோட்பாட்டை நம்பிச் செய்தாரா, பாரிஸுக்கு அதன் மனதையே காட்டுவதற்காகச் செய்தாரா என்பதில் கலை வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. என் மனம் தெகாவை முழுக்க மன்னிக்க மறுக்கிறது. வாழ்வின் பிற்பகுதியில், யூத ராணுவ அதிகாரி ஒருவர் மேல் பொய்யாகத் தேசத்துரோகக் குற்றம் சுமத்திய த்ரைஃபஸ் வழக்கில் யூதர்களுக்கு எதிராக நின்று, வாழ்நாள் நண்பர்களான ஹலேவி குடும்பத்தையே முறித்துக்கொண்ட மனிதர் அவர். பிறப்பை வைத்து மனிதனை எடைபோடும் பழக்கம் அவருக்குள் இருந்தது. அதே சமயம், அந்தச் சிறுமியின் தூக்கிய முகவாயை வடித்த விரல்களுக்கு அவள் மேல் மரியாதை இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

பிறப்பிலேயே குற்றவாளி என்ற அந்த எண்ணம் நமக்கு அந்நியமா? லொம்ப்ரோஸோவின் புத்தகம் வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1871இல், பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் குற்றப்பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. கள்ளர் நாட்டு ஊர்களில் ஆண்கள் இரவில் காவல் நிலையத்தில் வந்து படுத்ததும், கைரேகை வைத்ததும், அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்ததும் நம் தாத்தா பாட்டிகளின் காலத்து நினைவுகள். மரியின் முகத்தைப் பார்த்து ஒரு விமர்சகர் தீர்ப்பு எழுதியபோது, அதே மை இங்கே ஏற்கெனவே சட்டமாக அச்சாகியிருந்தது.

இனி அந்த நிஜ மரிக்கு என்ன நடந்தது? இங்கேதான் அசல் துப்பறியும் கதை தொடங்குகிறது. துப்பறிந்தவர் ஒரு நூலகர்.

தெகா ஒரு கோட்டோவியத்தின் ஓரத்தில் மரியின் பெயரையும் முகவரியையும் கிறுக்கி வைத்திருந்தார்: ரூ த துவே தெரு, 36ஆம் எண். அவர் ஓவியக்கூடத்திலிருந்து நடை தூரம்தான். மறந்துபோகாமல் இருக்க எழுதிய குறிப்பு. அந்த ஒரு வரிதான் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு சாவியானது. பாரிஸ் ஒபராவின் நூலகத்திலும் ஆவணக் காப்பகத்திலும் பணியாற்றிய மார்ட்டீன் கஹான் அங்கிருந்து தொடங்கி, சம்பளப் பட்டியல், தேர்வுப் பதிவேடு, அபராதக் குறிப்பு, பிறப்புச் சான்று என்று ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். 1998இல் வெளியான அவருடைய கட்டுரையின் தலைப்பிலேயே ‘விசாரணை’ என்ற சொல் இருக்கிறது.

தாள்கள் சொன்னது இவ்வளவுதான். மரி ஒபராவின் நடனக் குழுவில் இடம்பிடித்தாள். பிறகு வகுப்புக்கும் ஒத்திகைக்கும் வராமல் போகத் தொடங்கினாள். அபராதங்கள் ஏறின. 1882இல் ஒபராவிலிருந்து நீக்கப்பட்டாள். அதே ஆண்டு அக்கா அந்துவானெத் ஒரு மனிதரின் 700 பிராங்க் பணத்தைத் திருடிய குற்றத்துக்காக மூன்று மாதம் சிறைக்குப் போனாள். பெண்களை அடைக்கும் சென் லஸார் சிறை. தங்கை லூயீஸ் மட்டும் தப்பிப் பிழைத்தாள். ஒபராவில் நிலைத்து ஆடி, பிறகு அங்கேயே ஆசிரியையாகி, அடுத்த தலைமுறைச் சின்ன எலிகளுக்குக் கால் திருப்பக் கற்றுக்கொடுத்தாள். ஒரே வீடு, ஒரே அம்மா. மூவரின் எலும்பும் ஒரே மரபில் வந்தது. லொம்ப்ரோஸோவுக்கு இந்த ஒரு குடும்பம் போதுமே பதில் சொல்ல!

1882க்குப் பிறகு மரியின் தடம் மங்கிவிடுகிறது. புக்கானன் அந்த வெற்றிடத்தில் கருணையோடு ஒரு வாழ்வை எழுதித் தருகிறார். நாவலின் பலவீனமான பகுதியும் அதுதான் என்பேன். அதுவரை வாடகைக்கும் ரொட்டிக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த கதை, கடைசியில் சட்டென்று மென்மையாகிவிடுகிறது. அக்காவும் தங்கையும் மாறி மாறிக் கதை சொல்லும் முறையில், அந்துவானெத்தின் குரல்தான் எனக்கு நெடுநாள் காதில் இருந்தது. படிப்பு இல்லாதவள், வாய்த்துடுக்குக்காரி, காதலனை நம்பி ஏமாறுவதிலும் ஒரு கம்பீரம் உள்ளவள். மரியின் பகுதிகளில் ஆசிரியர் படித்துச் சேர்த்த தகவல்கள் சில இடங்களில் துருத்திக்கொண்டு நிற்கின்றன. ஆனால் ஓவியக்கூடத்துக் காட்சிகளில் அந்தக் குறை எல்லாம் மறந்துபோகும். குளிரில் மணிக்கணக்காக ஒரே நிலையில் நிற்கும் சிறுமி, தோள் இறங்காமல் இருக்க அவள் மனதுக்குள் செய்துகொள்ளும் தந்திரங்கள், தன்னை ஒருவர் இவ்வளவு உற்றுப் பார்ப்பதில் உண்டாகும் பெருமிதம், அந்தப் பார்வை எதைத் தேடுகிறது என்று புரியும்போது உண்டாகும் அவமானம். நடனம் பயின்ற ஒருவரின் உடலுக்குத் தெரிந்த எழுத்து அது.

தெகா 1917 செப்டம்பரில் இறந்தார். அவருடைய ஓவியக்கூடத்தைத் திறந்தபோது மெழுகிலும் களிமண்ணிலுமாகச் சுமார் 150 உருவங்கள் கிடைத்தன, பல உதிர்ந்துபோயிருந்தன. தேறியவற்றை எப்ரார் வார்ப்பகம் வெண்கலத்தில் வார்த்தது. அப்படித்தான் மரி இன்று பாரிஸ், லண்டன், நியூயார்க் என்று ஊர் ஊராக அருங்காட்சியகங்களில் நிற்கிறாள். 2022இல் ஒரு வெண்கலப் பிரதி நியூயார்க் ஏலத்தில் 4 கோடி டாலரைத் தாண்டி விலைபோனது. 2003இல் பாரிஸ் ஒபரா அவள் கதையையே பாலே நாடகமாக, அவளை நீக்கிய அதே பலே கார்னியே மேடையில் அரங்கேற்றியது.

அசல் மெழுகு வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் காலநிலைப் போராட்டக்காரர்கள் இருவர் வந்து அந்தக் கண்ணாடிப் பெட்டியின் மேல் பெயின்ட் பூசினார்கள். சிற்பத்தை வெளியே எடுத்து, சேதம் ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டி வந்தது.

அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பாதுகாப்பு நிபுணர்கள் அவளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். உடலைத் தாங்க உலோகக் குழாய், கம்பி, கயிறு, மரத்துண்டு. கைகளுக்குள் வேறொன்றும் இருந்தது. முதுகுக்குப் பின்னால் கோத்து நிற்கும் அந்த மெலிந்த கைகள் வளையாமல் இருக்க, தெகா தன் பழைய தூரிகைகளை உள்ளே வைத்து மெழுகு பூசியிருந்தார்.